கோடை விருந்தும் கொல்லா நோன்பும்

இங்கிலாந்திலும் வட அமெரிக்காவின் பல பகுதிகளிலும் வெயிற்காலம் குறுகியது. ஆண்டின் பெரும்பகுதியைக் குளிரிலும் மழையிலும் கழிக்கும் அந்நாட்டு மக்கள், கதிரவன் தெளிவாக முகங்காட்டியதும் அடுப்பையே வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து விடுகின்றனர். கொல்லைப்புறப் புல்தரையில் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ நிறுத்தி, அதன்மேல் இரும்புக் கம்பித் தட்டை இட்டு, உணவைத் தீயில் வாட்டி, உறவினரும் நண்பரும் அண்டை வீட்டாருமாகக் கூடி உண்ணும் அவ்விருந்துக்குப் 'பார்பெக்யூ' என்று பெயர். அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையாகிய நினைவு நாள், ஜூலை 4ஆம் நாளாகிய விடுதலை நாள், செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையாகிய தொழிலாளர் நாள் ஆகிய மூன்றும் இவ்விருந்துக்கென்றே வாய்த்த நாட்கள் போல் ஆகிவிட்டன.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் பிறந்த நம் பிள்ளைகள் சிலர் இன்று அந்நாடுகளில் பணிபுரிகின்றனர். பேரக்குழந்தையைக் காணச் செல்லும் பெற்றோரும் சில திங்கள் அங்கே தங்கி வருகின்றனர். அலுவலக நண்பரிடமிருந்தும் அண்டை வீட்டாரிடமிருந்தும் அவர்களுக்கு அழைப்பு வருகிறது. அழைப்பில் அன்பு இருக்கிறது. அடுப்பின்மேல் இருப்பதோ பெரும்பாலும் புலால். போகலாமா? போனால் எதை உண்பது? அதை எப்படிக் கேட்பது? அழைத்தவருக்கு நம்பால் உள்ள கடமை யாது? நாமே அழைப்பவரானால் என் செய்வது? இவை சமையற்குறிப்பால் தீரும் வினாக்கள் அல்ல. கொல்லா நோன்பும் விருந்தறமும் ஒரே முற்றத்தில் எதிர்ப்படும்போது எழும் அறவினாக்கள். ஆதலின் நம் இதழில் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

இரண்டு அறங்கள்

திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகிறது. புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் இடம்பெறுகிறது. ஆனால் நம் மரபில் வந்த இல்லறத்தார் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றவர்கள். மது, புலால், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது சிராவகரின் மூலகுணங்களுள் அடங்கும். அதே சிராவகருக்குரிய பன்னிரு விரதங்களுள் அதிதி சம்விபாகமும் ஒன்று. தனக்கென ஆக்கிய உணவில் ஒரு பங்கை அதிதிக்கு அளிப்பது அதன் பொருள். அது முதற்கண் துறவியர்க்கு ஆகாரம் அளிப்பதைக் குறித்ததே. எனினும், வாயிலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாத வழக்கமும் அதனோடு ஒட்டி நம் இல்லங்களில் நிலைபெற்றுள்ளது.

எனவே, விருந்து என்பது நமக்கு வெறும் உலகியல் உபசாரம் அன்று. அழைத்தவர் ஒரு கடமையைச் செய்ய முன்வருகிறார். அவர் வேற்று நாட்டவராயினும், வேற்றுச் சமயத்தவராயினும், செய்ய விழைவது நாம் மதிக்கும் அறத்தையே. அக்கடமை நிறைவேற அவருக்குத் துணை நிற்பது விருந்தினரின் பொறுப்பு. இதனை மறந்து, நம் நோன்பை மட்டும் காத்துக்கொண்டால் போதும் என்று கருதுவது பாதி அறமே ஆகும்.

போவது உடன்பாடு ஆகுமா?

தீவினை மூன்று வழிகளில் நம்மை வந்தடையும் என்பது ஆன்றோர் கூற்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் ஆகியவை அம்மூன்று வழிகள். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று இவற்றை நம் நூல்கள் பெயரிடும். மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றோடும் பெருக்க இவை ஒன்பது ஆகும்.

புலால் சமைக்கப்படும் விருந்துக்குச் செல்வது இவற்றுள் எதில் அடங்கும்? நாம் கொன்றோமல்லோம். கொல்லச் சொன்னோமல்லோம். அங்கே செல்வது நட்பை நாடியே அன்றிப் புலாலைப் பாராட்டியன்று. ஆகவே, போவது ஒன்றே உடன்பாடு ஆகாது என்பது நம் கருத்து. புகையும் காட்சியும் மனத்தை வருத்துமாயின் போகாதிருப்பதும் குற்றமன்று. அங்ஙனம் போகாதவர் அழைத்தவரைப் பிறிதொரு நாள் தம் இல்லத்துக்கு அழைத்து விருந்திடுவது நட்பை வாடாமல் காக்கும்.

ஆனால் நாம் பெரிதும் கருதாத ஒரு வாயில் உண்டு. விருந்துக்கு அழைப்பவர் தலையெண்ணிப் பொருள் வாங்குகிறார். பத்துப் பேர் வருவர் என்றால் பத்துப் பேருக்கு இறைச்சி வாங்குவார். புலால் உண்ணாத ஒருவர் அதை முன்னரே சொல்லாமல், அங்கே போய்த் தட்டை மட்டும் மறுத்தால், அவர் பங்கும் முன்பே வாங்கப்பட்டிருக்கும். வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர் என்பது புலாலைப் பற்றிய விவாதத்தில் வள்ளுவர் வலியுறுத்திய கருத்து. தான் கொல்லவில்லை என்று கூறிப் புலால் உண்பாரை மறுத்து வாதிடும் நீலகேசியும் நம் மரபின் நூலே. அந்த வாதத்தைப் பிறர்மேல் ஏவும் நாம், நம் மௌனத்தால் நம் பெயரில் ஒரு பங்கு வாங்கப்படுவதைக் கருதிப் பார்த்தல் வேண்டும். முன்கூட்டிச் சொல்லும் ஒரு சொல் ஒரு பங்கு இறைச்சியைக் குறைக்கும். ஆதலின், சொல்லுதலும் கொல்லாமையின் ஒரு கூறே.

சொல்லாமை பணிவு ஆகாது

நம்மவர் பலருக்குச் சொல்வதில் கூச்சம் உண்டு. "எனக்கென்று தனியே சிரமப்பட வேண்டாம்" என்று கூறிவிட்டு, வீட்டிலேயே உண்டுவிட்டுச் சென்று, "பசியில்லை" என்று நின்றுகொண்டிருப்பர். இது பணிவு போலத் தோன்றும். ஆயினும் இதில் இரண்டு குறைகள் உள. பசி இருக்கையில் பசியில்லை என்பது வாய்மைக்கு மாறு. விருந்திட முன்வந்தவருக்கு அவ்வறத்தை நிறைவேற்றும் வாய்ப்பை மறுப்பது மற்றொரு குறை.

நம் முனிவர்கள் எதையும் கேட்பதில்லையே என்று சிலர் வினவலாம். முனிவர் ஆகாரத்துக்குப் புறப்படும்போது மனத்துக்குள் ஒரு நியமம் கொள்வார். அதனை எவரிடமும் உரையார். நியமம் கூடாதபோது உண்ணாமலே திரும்புவார். அந்த மௌனம் தவத்தின் உறுப்பு. உணவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றாகக் கொள்ளும் உள்ளம் அவருடையது. இல்லறத்தாராகிய நாம் அந்நிலையை அடைந்தவரல்லோம். பசியோடு திரும்பி வந்து, "அவர்களுக்கு நம்மைப் பற்றிச் சிறிதும் கவலையில்லை" என்று வீட்டில் குறைகூறும் நாம் முனிவரின் மௌனத்தை மேற்கொள்வது பொருந்தாது. முனிவரின் மௌனத்தில் மனக்கசப்பு இல்லை. நம் மௌனத்தில் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

இங்கே காந்தியடிகளின் வாழ்வு நமக்கு ஒரு சான்று. 1888ஆம் ஆண்டு அவர் இலண்டனுக்குப் புறப்படுமுன், பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவரின் முன்னிலையில் புலால் உண்ணாமை உள்ளிட்ட விரதங்களை ஏற்றார். இலண்டனில் நண்பர் ஒருவர் அவரைப் பெரிய உணவு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். முதலில் சூப் வந்தது. அது காய்கறியால் ஆனதா என்று அறிய அவர் பணியாளரை அழைத்தார். நாகரிகமான இடத்தில் இவ்வாறு கேட்பதா என்று நண்பர் சினந்து, வேறிடம் சென்று உண்ணுமாறு கூறிவிட்டார். அடிகள் வெளியேறினார். அருகில் இருந்த மரக்கறி விடுதியோ மூடிக் கிடந்தது. அன்றிரவு உணவின்றியே நண்பருடன் நாடகம் காணச் சென்றார். இதனைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அந்நிகழ்ச்சியால் நட்புக்கு ஊறு நேரவில்லை என்றும் குறித்துள்ளார்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஐயம் எழுந்தபோது அவர் கேட்டார், ஊகித்து உண்ணவில்லை. உணவை இழந்தாரேயன்றி நண்பரை இழக்கவில்லை. கேட்டதால் நேரும் சங்கடம் ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடும். கேளாமையால் தளர்ந்த விரதம் மீண்டும் நிலைபெறுவது அரிது.

எதைச் சொல்வது?

காந்தியடிகளுக்கு அங்கே இன்னொரு சிக்கலும் நேர்ந்தது. இறைச்சி என்பதற்கு அந்நாட்டு மரக்கறியாளரிடையே மூன்று விதமான விளக்கங்கள் வழங்கின. ஒரு விளக்கத்தின்படி மீன் உண்ணலாம். மற்றொன்றின்படி முட்டை உண்ணலாம். விரதம் அளித்த தம் அன்னை எப்பொருளில் கொண்டாரோ அதுவே தமக்குப் பொருள் என்று தெளிந்து அவர் முட்டையையும் விலக்கினார்.

இன்றும் அந்நாடுகளில் 'வெஜிடேரியன்' என்னும் சொல் முட்டையை விலக்குவதில்லை. 1944இல் இங்கிலாந்தில் தோன்றிய 'வீகன்' என்னும் சொல் முட்டை, தேன், பால் அனைத்தையும் விலக்கும். எனினும் நிலத்தடிக் கிழங்குகளை அது விலக்காது. ஆகவே, ஒரு பெயரைச் சொல்லி விட்டுவிடாமல், உண்ணாதவை இவை, உண்பவை இவை என்று விளங்கச் சொல்வதே நன்று. அதையும் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அவ்விருந்துகளில் வெளிப்படையாகத் தெரியாத பொருள்களும் உண்டு. வாட்டும்போது தடவும் சாறுகள் பலவற்றில் தேன் சேரும். சிலவற்றில் சேரும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் ஊறியிருக்கும். சில காய்கறிகளை மதுவில் ஊறவைத்தும் வாட்டுவர். அமெரிக்காவில் தகர டப்பாவில் விற்கும் வேகவைத்த அவரை வகைகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு உண்டு. முட்டைக்கோஸ் கலவையிலும் உருளைக்கிழங்குக் கலவையிலும் சேரும் மயோனைஸ் வழக்கமாக முட்டையால் ஆவது. குழந்தைகள் தணலில் காட்டி உண்ணும் மார்ஷ்மெல்லோ என்னும் வெண்ணிற இனிப்பில், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் கலந்திருக்கும். அழைத்தவர் நம்மை ஏமாற்ற எண்ணுவதில்லை. அவருக்கு இவை கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. டப்பாவின்மேல் அச்சிட்ட பொருட்பட்டியலைக் காட்டுமாறு இன்முகத்தோடு கேட்பது குற்றங்காண்பது ஆகாது.

அழைத்தவரின் கடமை

இனி அழைத்தவரின் பக்கம் நின்று நோக்குவோம். புலால் உண்ணாதாருக்கு விருந்திடுவது அரிய செயல் அன்று. சோளக்கதிர், குடைமிளகாய், சீமைச் சுரைக்காய், தக்காளி, அன்னாசித் துண்டு, பனீர் ஆகிய அனைத்தும் தணலில் வாட்ட ஏற்றவை. கடற்கரையில் சுட்ட சோளக்கதிரை எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்ற நமக்கு அச்சுவை புதியதும் அன்று.

கடினமான வினா ஒன்றே. அதே கம்பித் தட்டில் வாட்டலாமா? இறைச்சியின் கொழுப்பு கம்பியில் படிந்திருக்கும். அதன்மேல் வாட்டிய காயில் அது ஒட்டும். அதனால் புதிதாக ஓருயிர் மடியவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. நம் விரதமோ கொல்லாமையோடு நில்லாது புலால் உண்ணாமையையும் கூறுகிறது. ஒட்டிய கொழுப்பும் புலாலே. ஆதலின் தனி அடுப்போ தனித் தட்டோ வேண்டும். அது இயலாதாயின், தட்டு தூய்மையாக இருக்கும் தொடக்கத்திலேயே காய்களை முதலில் வாட்டிவிடுதல், அலுமினியத் தாளில் பொதிந்து வாட்டுதல், இடுக்கியையும் தூரிகையையும் தனியே வைத்தல் ஆகியவை போதும். இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதி இல்லை, நினைவுதான் வேண்டும்.

அளவும் ஒரு கடமையே. பொதுப் பலகையில் வைத்த காய்கறி உணவை எல்லாரும் எடுத்துக்கொள்வர். புலால் உண்பாருக்கு அது பல உணவுகளுள் ஒன்று. உண்ணாதாருக்கோ அதுவே முழு உணவு. அவர் வருமுன் தட்டு காலியாகிவிடுவதைப் பல விருந்துகளில் காணலாம். இலண்டனில் காந்தியடிகள் தங்கிய வீட்டம்மையாரின் பெண்மக்கள் அவருக்கு ஓரிரண்டு ரொட்டித் துண்டுகளைக் கூடுதலாகக் கொடுத்து உபசரித்தனர். அவருடைய பசிக்கோ முழு ரொட்டியே வேண்டியிருந்தது. அன்பு இருந்தும் அளவு அறியாமையால் விருந்தினர் பசித்திருந்தார். ஆகவே, அவர்தம் பங்கை முதலிலேயே எடுத்து மூடிவைப்பது நல்ல இல்லத்தாரின் முறை. விருந்தினர் உள்ளத்தை அனிச்சமலருக்கு ஒப்பிட்ட நாட்டவர் நாம். பக்க உணவை மட்டும் தின்று ஓரமாக நிற்கும் ஒருவரின் முகம் வாடுவதை எவரும் எளிதில் அறியலாம்.

இரவு உண்ணாமை நோன்பு உடையோருக்கு இக்கோடை விருந்தில் ஒரு வசதியும் உண்டு. ஜூன் திங்கள் இறுதியில் இலண்டனில் ஞாயிறு மறைய இரவு 9 மணி 20 நிமிடம் ஆகிறது. நியூயார்க்கில் 8.30 மணி ஆகிறது. மாலை 6 மணிக்குத் தொடங்கும் விருந்தில் பகலொளியிலேயே உண்டு முடிக்கலாம். ஒளி மங்கியபின் தணலையும் விளக்கையும் நாடிப் பூச்சிகள் வந்து விழுவதைக் காணும் பிள்ளைகளுக்கு, முன்னோர் இரவு உணவை ஏன் விலக்கினர் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மாக்கோழியும் மாற்று இறைச்சியும்

2016ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒரு புதிய உணவு பரவியுள்ளது. பட்டாணி, சோயா முதலியவற்றின் புரதத்தைக் கொண்டு, இறைச்சியின் நிறமும் சாறும் தோன்றுமாறு செய்த வட்டமான அடைகள் அவை. அழைத்தவர் அன்போடு இவற்றை நமக்கென வாங்கி வைக்கிறார். உண்ணலாமா?

இவ்வினா நம்மவர்க்கு யசோதர காவியத்தை நினைவூட்டும். உயிர்ப்பலிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாயும் பல பிறவிகளில் துன்புற்றனர் என்பது அக்கதை. மாவுக்கு உயிர் இல்லை. ஆயினும், கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் பாவம் பற்றியது. ஆகவே குற்றம் வடிவத்தில் இல்லை, எண்ணத்தில்தான் உள்ளது. சோயா அடையை உண்பவர் கொல்லும் எண்ணம் கொள்வதில்லை. புலாலை விட்டுவிட முயலும் ஒருவருக்கு அது ஏணியாகவும் உதவக்கூடும். எனினும், புலாற்சுவையை அறியாத நம் பிள்ளைகள் இல்லாத ஆசை ஒன்றை அதன்வழிப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை என்று நாம் கருதுகிறோம். "சோளமும் காயுமே எங்களுக்கு நிறைவு" என்று சொல்வது அழைத்தவருக்கும் செலவைக் குறைக்கும். பிறிதொரு முடிவுக்கு வருவோரை நாம் பழிக்கவில்லை.

நாம் அழைக்கும்போது

நம் குடும்பத்தார் தம் கொல்லைப்புறத்தில் விருந்து வைக்கும்போது வேறொரு சங்கடம் எழுவதுண்டு. விருந்தினர் தமக்கு வேண்டிய உணவைத் தாமே கொண்டுவருவது அந்நாட்டு வழக்கம். "எங்கள் இறைச்சியை நாங்களே கொண்டுவந்து உங்கள் அடுப்பில் வாட்டிக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் மறுப்பது எங்ஙனம்? பிறர் வீட்டில் புலால் சமைக்கப்படுகையில் நாம் விருந்தினர் மட்டுமே. நம் அடுப்பையும் நெருப்பையும் அதற்குக் கொடுத்தாலோ அது காரிதத்தை நெருங்குகிறது. ஆதலின் இயலாது என்று சொல்வதே முறை. அதனை வாயிலில் நின்று கையிலுள்ள பொட்டலத்தைக் கண்டபின் சொல்லலாகாது. அழைக்கும்போதே, "எங்கள் இல்லத்தில் காய்கறி விருந்து, வெறுங்கையோடு வாருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். அதன்பின், அவர்கள் எதையும் இழந்ததாகக் கருதாத அளவுக்கு வயிறார உணவிடுவது நம் பொறுப்பு. அவர்கள் வீட்டில் நமக்கு எதை எதிர்பார்க்கிறோமோ அதே கவனத்தை நம் வீட்டில் அவர்களுக்கு அளிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பிறர் முற்றத்தில் உண்ணும்போது அவர்தம் தட்டைச் சுட்டி அறவுரை கூறலாகாது. கேட்டால் சொல்லலாம், கேளாதபோது நம் ஒழுக்கமே பேசட்டும். பொருளுக்குப் பல கோணங்கள் உண்டு என்று கூறும் அநேகாந்த நெறியில் வந்த நாம், விருந்திட்டவரின் அன்பையும் ஒரு கோணமாகக் காணக் கடமைப்பட்டவர்கள்.

பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லவேண்டியது இதுவே. "அழைப்பை அஞ்ச வேண்டாம். ஒரு வாரம் முன்பே தெளிவாகச் சொல். ஐயம் வந்தால் கேள். பொய் சொல்லாதே. கிடைத்ததை நன்றியோடு உண். கிடைக்காதபோது முகம் வாடாமல் இரு." விரதத்தை வெளியே சொல்ல அஞ்சும் பிள்ளை ஒரு நாள் அதனை விட்டுவிடும், இல்லையேல் நண்பரை விட்டுவிடும். சொல்லப் பழகிய பிள்ளைக்கு இரண்டும் நிலைக்கும்.